வடிவாய்க்கால் ஓரத்து ஒன்பது மா: மருத்துவமனைக்கு முதல் கோடு எங்கே போடுவது?

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஓர் ஊரிலிருந்து ஒரு மகப்பேறு மருத்துவர் எழுதியிருக்கிறார். கணவர் பொது அறுவை மருத்துவர். பதினான்கு வருடமாக ஒரு வாடகைக் கட்டடத்தில் 18 படுக்கைகளோடு நர்சிங் ஹோம் நடத்துகிறார்கள். சொந்த இடத்தில் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டி ஒன்பது மா நஞ்சை வாங்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்று ஏக்கர். முன்பக்கம் பாசன வாய்க்கால், பின்பக்கம் வயல் தண்ணீர் வடிந்து போகிற வடிவாய்க்கால். பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே ஒரு பெரியவர் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். மூலையில் ஓர் இடிந்த பம்ப்செட் கொட்டகை இருக்கிறது. அடுத்த மாதம் அதை இடிக்கப்போகிறார்கள்.

கல்யாண மண்டபங்கள் கட்டிப் பெயர் வாங்கிய உள்ளூர் இன்ஜினியர் ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார். பேஸ்மென்ட்டில் கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி, 100 படுக்கை, முகப்பு முழுக்கக் கண்ணாடி. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி பணம் போடுகிறார். கட்டுவதை ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்பது அவர் கருத்து. மாமனார் தை மாதத்தில் பூமி பூஜைக்கு நாள் பார்த்துவிட்டார். “எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த பிளான் சரிதானா? பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் ஆஸ்பத்திரி கட்டக்கூடாது என்கிறார்களே, உண்மையா? தையில் ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள டாக்டர்,

உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பார்த்தேன். அதில் இருப்பது ஒரு கட்டடத்தின் படம். மாஸ்டர் பிளான் இன்னும் போடப்படவில்லை. எந்த வைத்தியம், எத்தனை பேருக்கு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும், பதினைந்து வருடம் கழித்து அடுத்த கட்டடம் எங்கே எழும் என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் கட்டடத்தை வரைய வேண்டும். இன்ஜினியரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. என்ன கேட்டீர்களோ அதை வரைந்து கொடுத்திருக்கிறார். கேட்க வேண்டியதை இனிமேல்தான் கேட்க வேண்டும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

100 என்ற எண் எங்கிருந்து வந்தது?

உங்கள் கணக்கிலிருந்தே பார்ப்போம். மாதம் 40 பிரசவம், 25 ஆபரேஷன், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை என்று 60 அட்மிஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிசேரியனும் சுகப்பிரசவமும் சேர்த்து ஒரு தாய்க்குச் சராசரியாக நான்கு நாள் என்றால் 160 படுக்கை நாள். ஆபரேஷனுக்கு மூன்று நாள் வீதம் 75. மற்றவர்களுக்கு இரண்டரை நாள் வீதம் 150. மொத்தம் 385. முப்பதால் வகுத்தால் சராசரியாகத் தினமும் 13 படுக்கையில் ஆள் இருக்கிறார்கள். படுக்கைகளில் முக்கால்வாசி நிரம்பினால் நல்ல நடை என்று வைத்துக்கொண்டால் 17 படுக்கை போதும். உங்களிடம் 18 இருக்கிறது. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

இப்போது நோயாளிகள் மூன்று மடங்கு ஆகிறார்கள் என்று வையுங்கள். அப்போதும் 51 படுக்கைதான் வருகிறது. மூன்று மடங்கு ஆக, இரண்டு டாக்டர்கள் ஆறு டாக்டர்களாக வேண்டும். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நர்ஸ் கிடைக்க வேண்டும், மயக்க மருந்து நிபுணர் ஊரிலேயே தங்க வேண்டும். ஆகவே முதல் கட்டம் 50 படுக்கை, நிலத்தில் இடம் 100 படுக்கைக்கு. தம்பியிடம் இப்படியே சொல்லுங்கள். அவர் கேட்கிற பெரிய ஆஸ்பத்திரி மாஸ்டர் பிளானில் முழுசாக இருக்கும், அதில் பாதியை மட்டும் இப்போது கட்டுகிறீர்கள். காலியாகக் கிடக்கும் ஒரு மாடிக்கு வட்டி கட்டுவது எத்தனை கஷ்டம் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையைவிடப் பெரிய கேள்வி, எந்த நோயாளிகள் என்பது. தஞ்சாவூரில் 1959-இலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. பெரிய வைத்தியத்துக்கு ஜனங்கள் அங்கே போவார்கள், போகவும் வேண்டும். உங்களிடம் வருவது வேறு. அறுப்புக் காலத்தில் வரப்பில் விரியன் கடித்தவர், பூச்சிமருந்து அடித்து மயங்கினவர், நடுராத்திரி வலியெடுத்த பெண், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாகக் கீழே விழுந்த பாட்டி. பாம்புக்கடி என்று வந்தவரை, விஷம் ஏறாதது போலத் தெரிந்தாலும், 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பீர்கள் என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அப்படியானால் அவசரச் சிகிச்சைப் பிரிவை ஒட்டி, நர்ஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஐந்தாறு கண்காணிப்புப் படுக்கைகள் வேண்டும். பிளானில் அவசரப் பிரிவு ஓர் அறை, அதில் ஒரு கட்டில். உங்கள் ஊரின் நோய் இந்தப் படத்தில் இல்லை.

தண்ணீரை முதலில் வரையுங்கள்

டெல்டாவில் எங்கே மருத்துவமனை திட்டமிட்டாலும் நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். உங்கள் நிலத்தின் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 12 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது சாதாரண மழை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வயலாக இருக்கும்வரை உங்கள் நிலம் அந்தத் தண்ணீரைத் தாங்கி வைத்து, மெல்ல வடிவாய்க்காலுக்கு அனுப்பியது. நீங்கள் மண் அடித்து மேடாக்கிவிட்டால் அது அன்றைக்கே பக்கத்து வயலுக்குப் போகும். சம்பா தூர் கட்டுகிற நேரத்தில் ஒருவர் வயல் உங்களால் மூழ்கினால், ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே ஊர் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

இன்ஜினியர் தரைமட்டத்தை ‘ரோட்டிலிருந்து இரண்டடி’ என்று குறித்திருக்கிறார். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தப்பைச் செய்தேன். கடலோரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. ரோட்டை அளவாக வைத்து இரண்டடி ஏற்றினோம். பத்து வருடத்துக்குள் அந்த ரோட்டின் மேல் இரண்டு தடவை தார் போட்டு உயர்த்தினார்கள். ஒரு கார்த்திகை ராத்திரியில் பிரசவ வார்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பச்சைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரக் கோடு. அந்தக் கோட்டை இன்னும் மறக்க முடியவில்லை. ரோடு மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் அதிகபட்சமாக எதுவரை வந்தது என்பதுதான் நம்பகமான அளவு. அதற்கு மேல் மூன்றடியாவது ஏற்றித்தான் தரையை வைக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

உடனே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஒரு சர்வேயரை வைத்து நிலம் முழுக்க மட்டம் எடுங்கள். வாய்க்கால் கரை, வடிவாய்க்காலின் அடிமட்டம், ரோட்டின் நடு, பக்கத்து வயல்களின் வரப்பு எல்லாம் அதில் வர வேண்டும். இரண்டாவது, மண் பரிசோதனை. இங்கே வண்டலுக்குக் கீழே களி, களிக்குக் கீழே மணல் என்று இடத்துக்கு இடம் மாறும். ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கிற களி அகப்பட்டால் அஸ்திவாரத்தின் விதமே மாறிவிடும். மூன்று நான்கு இடத்தில் துளை போட்டுப் பார்க்காமல் ஒருவரும் உங்களுக்குச் செலவுக் கணக்கு சொல்ல முடியாது. மூன்றாவது, போர் தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் ஒரு தடவையும் மழைக்குப் பிறகு ஒரு தடவையும் பரிசோதியுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது உங்களுக்கே தெரியும். உங்கள் கணவர் ஐந்து டயாலிசிஸ் படுக்கை கேட்கிறார். ஒருவருக்கு நான்கு மணி நேர டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் போகும். அதைத் தயாரிக்கும்போது கழித்து விடுகிற உப்புத்தண்ணீரும் நிறைய. அதைப் பாசன வாய்க்காலில் விடவே கூடாது. இதுபோக, சிறிய மருத்துவமனைக்குப் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 340 லிட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கு வைத்திருக்கிறது. 50 படுக்கைக்குத் தினம் 17,000 லிட்டர். அதில் பெரும்பகுதி கழிவாக வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு உங்கள் பிளானில் இடமே இல்லை.

மண் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று ஏக்கரையும் ஒரு மீட்டர் உயர்த்தினால், மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் 1,400 லோடுக்கு மேல் வரும். அது வேண்டாம். கட்டடமும் உள் ரோடும் வருகிற 5,000 சதுர மீட்டரை மட்டும் உயர்த்தினால் 600 லோடுக்குள் முடிந்துவிடும். பின்பக்கம் வடிவாய்க்காலை ஒட்டித் தாழ்ந்த பகுதியை அப்படியே விட்டு, அதில் ஒரு குளம் வெட்டுங்கள். மழைத்தண்ணீர் அங்கே நின்று மெதுவாக வடியட்டும். வெட்டுகிற மண்ணும் உள்ளேயே பயன்படும். இதற்கும் கனிமவளத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்புறம், புதிதாக அடித்த மண் இரண்டு மூன்று மழைக்காலம் அமுங்கிக்கொண்டே இருக்கும். கட்டடம் ஆழத்தில் இறக்கிய பைல் தூண்கள் மேல் அசையாமல் நிற்கும், சுற்றியுள்ள தரை மட்டும் இறங்கும். கழிவுநீர்க் குழாய்கள் சுவரை விட்டு வெளியே வருகிற இடத்தில் உடைவது இதனால்தான். அதனால் மண்ணைக் கூடிய சீக்கிரம் அடித்து, அமுங்கக் காலம் கொடுங்கள்.

பேஸ்மென்ட்டும் நான்கு மாடியும்

பேஸ்மென்ட்டை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கார்த்திகையில் நாலடி தோண்டினால் ஊற்று வரும் நிலம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பெரிய மருத்துவமனையிலேயே தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர்கள் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். 2011-இல் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் பேஸ்மென்ட்டில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி, படுக்கையில் இருந்தவர்கள் தொண்ணூறு பேர் போல இறந்தார்கள். மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு காரைப் பூமிக்குக் கீழே நிறுத்த வேண்டிய அவசியம் என்ன? ஜெனரேட்டர், மின் பேனல், ஆக்சிஜன் மூன்றையும் வெள்ள மட்டத்துக்கு மேலே மேடை போட்டு வையுங்கள்.

நான்கு மாடியும் தேவைப்படாது. படுக்கைக்கு 75 சதுர மீட்டர் என்று வைத்தால் 50 படுக்கைக்கு 3,750 சதுர மீட்டர், அதாவது 40,000 சதுர அடி. தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டினால் நிலத்தில் ஆறில் ஒரு பங்குகூட அடைபடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு உங்கள் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் வர எத்தனை வாரம் ஆனது என்று நீங்களே அனுபவித்திருப்பீர்கள். டீசல் தீர்ந்து லிஃப்ட் நின்றுவிட்டால் நான்காவது மாடியில் சிசேரியன் ஆன தாயை எப்படி இறக்குவது? ஒரு மாடி என்றால் சாய்தளம் போட்டுவிடலாம். ஆனால் சாய்தளத்துக்கு நிறைய இடம் வேண்டும். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். தளத்துக்குத் தளம் நான்கு மீட்டர் உயரம் என்றால் 48 மீட்டர், நடுவில் திரும்புகிற மேடைகள் தனி. கடைசியில் எங்காவது செருகிவிடலாம் என்று நினைத்தால் வராது.

தீ விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிளானில் படிக்கட்டு ஒன்று, லிஃப்ட் ஒன்று, இரண்டும் முன் ஹாலில். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. வெளியே வர வழி குறைவாக இருந்தால் என்ன நடக்கும் என்று நாம் பார்த்துவிட்டோம். மருத்துவமனையில் இன்னொரு சிக்கலும் உண்டு: உள்ளே இருப்பவர்கள் ஓட முடியாது. எனவே ஒவ்வொரு தளத்தையும் தீயைத் தடுக்கும் சுவராலும் கதவாலும் இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் புகை வந்தால் நோயாளியைக் கட்டிலோடு மறு பாதிக்கு உருட்டிவிட்டுக் கதவை மூடலாம். கீழே இறக்க அப்புறம் நேரம் கிடைக்கும். இரண்டு பாதிக்கும் தனித்தனிப் படிக்கட்டு வேண்டும். வராந்தா 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது. பிளானில் ஆறடி, அதாவது 1.8 மீட்டர்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக் கோடும் ஒரு கட்டிலும்

பிளானைத் தாளில் பார்த்து ஒரு டாக்டரால் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அது உங்கள் குறை இல்லை. நான் செய்கிற ஒரு காரியத்தை நீங்களும் செய்து பாருங்கள். அறுப்பு முடிந்து காய்ந்த தரையில் அவசரப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறை மூன்றையும் நிஜ அளவில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். நர்சிங் ஹோமிலிருந்து ஒரு கட்டில், ஒரு ஸ்ட்ரெச்சர், உங்கள் சீனியர் நர்ஸ், ஓர் ஆயா எல்லாரையும் கொண்டுபோங்கள். ஒருவர் கட்டிலில் படுக்கட்டும். ‘ரத்தப்போக்கு, உடனே தியேட்டருக்கு’ என்று சொல்லித் தள்ளச் சொல்லுங்கள். எந்த மூலையில் கட்டில் திரும்பாமல் இடிக்கிறது, எங்கே ஓ.பி. கூட்டத்துக்குள் புகுந்து போக வேண்டியிருக்கிறது, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு தடவை இப்படிச் செய்தபோது ஓர் ஆயாதான், “அழுக்குத் துணியை எடுத்துக்கிட்டு நான் சமையல்கட்டு வாசல் வழியாவா போகணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி பிளான் போட்ட எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோட்டை அழித்து மறுபடியும் போட்டோம். சுவர் எழுந்த பிறகு அப்படி அழிக்க முடியாது.

நடைவழிகளை நான்காகப் பிரித்து யோசியுங்கள். ஒன்று, நடந்து வருகிற ஓ.பி. நோயாளி; இரண்டு, ஆம்புலன்ஸில் வருகிறவர்; மூன்று, மருந்து, சாப்பாடு, ஆக்சிஜன் கொண்டுவரும் வண்டி; நான்கு, வெளியே போகிற கழிவும் இறந்தவர் உடலும். நான்கும் ஒரே வாசலில் சந்திக்கக்கூடாது. லேப், எக்ஸ்ரே, ஸ்கேன் மூன்றும் ஓ.பி.க்கும் வார்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் உதவும். பின்னால் விரிவாக்கும்போது முதுகெலும்பு போல ஒரே வராந்தாவை நீட்டிக்கொண்டு போக வேண்டும். ஆகவே அதன் கடைசி முனையில் கழிப்பறையோ படிக்கட்டோ வைத்து அடைத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் கூட வருவார்கள். அவர்கள் படுக்க, குளிக்க, துணி காயப்போட, சாப்பாட்டுக் கூடையை வைக்க இடம் கொடுக்காவிட்டால் வராந்தாவில்தான் படுப்பார்கள். தஞ்சாவூர் வீடுகளின் முற்றமும் திண்ணையும் இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. இரண்டு வார்டுகளுக்கு நடுவே ஒரு முற்றம் விட்டால் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். கரண்ட் இல்லாத நாளிலும் வார்டு மூச்சு விடும். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். கண்ணாடி முகப்பு உங்கள் பிளானில் மேற்கே இருக்கிறது. சாயங்கால வெயில் முழுவதையும் அது உள்ளே வாங்கி, ஏசி பில்லாகத் திருப்பிக் கொடுக்கும்.

சட்டம் எங்கே தடுக்கும், எங்கே தடுக்காது

உங்களைப் பயமுறுத்தியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, செம்பு, அலுமினிய ஆலைகள், தோல் பதனிடுதல் போன்ற, பட்டியலிட்ட தொழில்களைத்தான். அந்தப் பட்டியலில் மருத்துவமனை இல்லை. உங்கள் மாவட்டம் மண்டலத்துக்குள் இருப்பதால் மட்டும் திட்டம் நின்றுவிடாது.

ஆனால் ‘ஊராட்சித் தலைவர் கையெழுத்து போதும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றத் தனி அனுமதி வேண்டும். நகர்த் திட்டம் போட்ட பகுதிக்கு வெளியே உள்ள நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவோடு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் தேவை. அதன் பிறகுதான் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி பிளானுக்கு அனுமதி. முன்பக்க வாய்க்காலின் மேல் பாலம் போட நீர்வளத் துறையிடமும், ரோட்டிலிருந்து வழி எடுக்க நெடுஞ்சாலைத் துறையிடமும் கேட்க வேண்டும். புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (கிராம நில விவரப் பதிவேடு) எடுத்து, வாய்க்கால் புறம்போக்கு ஓரடிகூட உங்கள் காம்பவுண்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்காரப் பெரியவருக்கு ‘ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம்’ என்று நினைப்பது அபாயம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. நிலம் கைமாறியதால் மட்டும் அவர் உரிமை போய்விடாது. குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, வருவாய்த் துறை வழக்குகள் தெரிந்த வக்கீலை வைத்து, அவரோடு நேராகப் பேசி எழுத்தில் முடியுங்கள். நியாயமான தொகையும், முடிந்தால் அவர் வீட்டில் ஒருவருக்கு வேலையும் கொடுங்கள். டெல்டாவில் கோயில், மட நிலங்கள் நிறைய என்பதால் மூலப்பத்திரத்தையும் பின்னோக்கி நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்மூலையில் மருத்துவக் கழிவை எரிக்க ஓர் எரிகலன் வரைந்திருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் சொந்தமாக அமைக்கக்கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து வைக்கப் பூட்டுள்ள ஓர் அறை கட்டுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவு தேங்கக்கூடாது என்பதால், மழையிலும் அந்த அறை வாசல்வரை வண்டி வர வேண்டும். எக்ஸ்ரே, சிடி அறைகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிபந்தனைகள் உண்டு. சுவர் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் வைத்திருக்கிற ஸ்கேன் கருவியைப் புது இடத்துக்கு நகர்த்துவதையும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். உங்கள் துறையில் அது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தை மாதம்

மாமனார் பார்த்த நாளை மாற்ற வேண்டாம். நஞ்சை மாற்ற அனுமதி கைக்கு வராவிட்டாலும் அன்றைக்குப் பூஜை போடலாம். கடப்பாரை போடுவதைத்தான் அனுமதிக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசிக்குள் மட்டம் எடுத்து, மண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நிலத்தைப் பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் காலையில் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று போட்டோ எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் பார்ப்பது தாமதம் என்று தம்பி சொல்லலாம். அனுமதி விண்ணப்பங்கள் நடக்கிற அதே மாதங்கள்தான் அவை, ஒரு நாளும் வீணாகாது. மாசி, பங்குனியில் தரை காய்ந்ததும் மண் அடிக்கலாம்.

வாஸ்துவில் மாமனார் கேட்கிற வாசல் திசை, பூஜை இடம், கிணறு மூன்றையும் பெரும்பாலும் கொடுத்துவிட முடியும். தியேட்டர், அவசரப் பிரிவு, மின் அறை மூன்றின் இடத்தை மட்டும் நோயாளியின் வழியும் தண்ணீரின் மட்டமும் முடிவு செய்யட்டும். அவரிடம் மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார். ஐம்பது வருடம் நெல் போட்டவருக்கு மேட்டையும் பள்ளத்தையும் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக அந்தப் பம்ப்செட் கொட்டகை. அதை அடுத்த மாதம் இடிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் அதன் செங்கல் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாசிக் கோடு தெரிகிறது. குத்தகைக்காரப் பெரியவரை அங்கே கூட்டிக்கொண்டு போய், அது எந்த வருடத்துத் தண்ணீர், அதற்கு மேல் எப்போதாவது ஏறியதா என்று கேளுங்கள். அவர் கை வைத்துக் காட்டுகிற இடத்தில் ஆணி அடித்து, சர்வேயரிடம் அந்த ஆணியின் மட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பினால், தரையை எந்த உயரத்தில் வைப்பது என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.